கால்சியம் தண்ணீரில் பத்து நிமிடம்

மூன்று மருந்துப் படலங்களையும் இரண்டு மணிக்குத் தொட்டியில் போட்டேன், இப்போது இரண்டு ஐந்து, முதல் படலத்தை எடுக்க வேண்டும். கம்பிவலையோடு சேர்த்துத் தூக்கி, சொட்டு நிற்கும்வரை பிடித்து, ஃபில்டர் பேப்பரை மேலே வைத்து ஒற்றி எடுத்து, தராசில் வைக்க வேண்டும். ஒற்றுவது என்றால் ஒற்ற மட்டும்தான் வேண்டும், அழுத்தக் கூடாது, அழுத்தினால் படலம் உள்ளே குடித்திருக்கிற தண்ணீரும் பேப்பருக்கு வந்துவிடும், எடை குறைந்துவிடும், அப்புறம் படலம் ஊறவே இல்லை என்று எழுதி வைப்போம். புதிதாக வருகிற எம்.பார்ம் பிள்ளைகள் எல்லாம் இங்கேதான் தப்புவிடும். ஒருத்திக்குக் கை கனம், ஒருத்திக்கு லேசு, ஒரே படலத்துக்கு இரண்டு பேர் இரண்டு எடை சொல்வார்கள். என் கை அப்படியில்லை என்று என் ஆராய்ச்சி வழிகாட்டி சபாபதி சார் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார், உலகம்மா கைய வச்சா மிஷின் கணக்கா இருக்கும் என்று, அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் போனில் அதை இரண்டு தடவை சொன்னேன், சீச்சீ. மிஷின் பேரையாவது ஆய்வுக் கட்டுரையில் போட்டார்கள், எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த ஊரில் செய்தது என்று. தராசுக்கு உண்டு, இந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு உண்டு, பி.எச். மீட்டருக்குக்கூட உண்டு. எனக்குத்தான் கடைசிப் பக்கத்தில், எழுத்தைச் சின்னதாக்கி, ஆய்வக உதவிக்கு நன்றி. காய்ந்தபோது நாற்பத்திரண்டு மில்லிகிராம் இருந்தது, இப்போது தொண்ணூற்றாறு. ஐந்து நிமிடத்தில் இரண்டு மடங்குக்கு மேல். இது நிற்காது. நிற்காது என்று எனக்கு நேற்றே தெரியும், செய்யும்போதே தெரியும், இருந்தாலும் தொண்ணூற்றாறு என்று எழுதும்போது கை ஒரு நொடி நின்றது.

சார் நேற்றுக் காலையில் வாசலில் நின்றபடியே சொன்னார், "அந்தப் பழைய ஃபார்முலாவ ஒரு தடவ ரிப்பீட் பண்ணிரும்மா, நாளைக்கே வேணும்." எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது, அவர் சொல்வார், நான் செய்வேன். இன்று சனிக்கிழமை, அரை நாள்தான் கல்லூரி, பிள்ளைகள் எல்லாம் பஸ் ஏறிப் போயாயிற்று, மின்விசிறி சத்தமும் தொட்டியில் தண்ணீர் சுற்றுகிற சத்தமும்தான். தண்ணீர் முப்பத்தேழு டிகிரி. வாய்க்குள் இருக்கிற சூடு. இந்தப் படலம் வாய்க்குள் ஒட்டுவதற்குத்தான். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகிவிடும், ஒரு வாய் தயிர்சாதம்கூட இறங்காது, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சாப்பிடும் முன் இதைக் கன்னத்தின் உள்பக்கம் ஒட்டினால் எச்சிலைக் குடித்து மெல்ல ஊறி, வலி மரத்துப்போகிற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மணி நேரம் விட வேண்டும். விட வேண்டும் என்பது எங்கள் ஆசை. கடல்பாசியிலிருந்து எடுக்கிற ஆல்ஜினேட் பொடிக்குத் தண்ணீரைக் கண்டால் நிதானம் கிடையாது, அப்படியே ஒட்டினால் நிமிடத்தில் கொழகொழத்துப் போகும். அதனால்தான் உரித்த படலத்தைக் கால்சியம் தண்ணீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுக்கிறோம், கால்சியம் உள்ளே போய் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும். கூடுதல் நேரம் முக்கினால் கட்டு நன்றாகத்தான் விழும், ஆனால் மருந்து அந்தத் தண்ணீரிலேயே கசிந்து போய்விடும், மிஞ்சுவது அழகான வெறும் தோல். இது எங்களுக்குப் பாலபாடம். பத்து நிமிடம் ஆயிற்று. நூற்று முப்பத்தெட்டு.

அந்தக் கட்டுரைக்காக எடை எடுத்த அன்றைக்கும் இதே மேசைதான். படலங்களைக் கால்சியம் தண்ணீரில் போட்டுவிட்டு கடிகாரத்தைப் பார்த்தபோது போன் வந்தது, அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டிலிருந்து. எந்தப் பக்கம் விழுந்தாள், எழுந்து உட்கார முடிகிறதா, பேசுகிறாளா என்று வராந்தாவில் நடந்து நடந்து கேட்டுவிட்டு வந்து பார்த்தால் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கொட்டியிருக்க வேண்டும். அம்மாவுக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று சொன்னார்கள், தென்காசிக்கு அடுத்த பஸ் நாலு மணிக்குத்தான், அதுவரை கையைச் சும்மா வைத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, அதனால் அந்தப் பாழாய்ப்போன படலங்களையே எடுத்து ஊறவைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன அழகாக வந்தது. மெதுவாக, ஒரே சீராக ஏறியது, இரண்டு மணி நேரம் கழித்தும் ஓரம்கூடப் பிசகாமல் முழுசாக நின்றது. எண்களை நோட்டில் எழுதி, அதன் மேல் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு, பத்து நிமிடம், செல்லாது என்று எழுதினேன். பென்சிலால். பேனாவால் அடித்திருக்கலாம், பக்கத்தையே கிழித்திருக்கலாம். பஸ் ஏறும் முன் கூடப் படிக்கிற ஹெப்சியிடம் வாயாலும் சொன்னேன். அவள் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள், நடந்து வரும் வழியிலேயே சொன்னேன், "ஹெப்சி, இன்னைக்கு உள்ள நம்பரு ஆகாது, பத்து நிமிஷம் கெடந்துட்டு." அவள், "அத விடுட்டி, நீ மொதல்ல அம்மையப் பாரு" என்றாள். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். அந்த பாட்டிலுக்காக நான் எத்தனை மாதம் அவளை மன்னித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன், மூன்று வாரம் நான் ஊரில். நோட்டு ஹெப்சியிடம் இருந்தது, நான்தான் கொடுத்துவிட்டுப் போனேன், கட்டுரையை நீ எழுதத் தொடங்கு, நான் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று. அவளுக்கு எழுத்து வரும், எனக்குக் கை வரும், அது நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்ட பங்கு. ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே நாளில் சேர்ந்தோம், அவள் கல்யாணத்துக்கு மணப்பெண் தோழியாக வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வேதக்கோயிலுக்குள் நடந்தவள் நான். கட்டுரை வந்த அன்று அவள் சொல்லவில்லை, ஒரு எம்.பார்ம் பெண்தான் போனை நீட்டினாள், "அக்கா, ஹெப்சி அக்கா பேப்பர் வந்திருக்கு." ஹெப்சிபா, சபாபதி, அப்புறம் சாருக்குத் தெரிந்த யாரோ ஒருவர், அவர் இந்த லேப் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாதவர். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன், கடைசியில் நன்றி. அதற்கும் முன்னால், நடுவில், அட்டவணை இருந்தது. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பத்து நிமிடத்து எண்கள். செய்முறையில் இரண்டு நிமிடம் என்று எழுதியிருந்தது. நான் பெற்ற எண்ணை எனக்குத் தெரியாதா. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. பேர் இல்லையே என்று அழுதேன், அதற்கே நேரம் சரியாக இருந்தது. இன்னும் உள்ளே போய்ச் சொன்னால், எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷமும் இருந்தது, தப்பான எண்ணைப் போட்டுக்கொண்டு மினுக்குகிறார்கள், மினுக்கட்டும் என்று. இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் கட்டுரையை வைத்து ஹெப்சிக்கு இங்கேயே உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. நான் போய்க் கை குலுக்கினேன், அவள் கொடுத்த அல்வாவைத் தின்றேன். ஏழு மாதமாகத் தினமும் மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம், ஒரு நாள்கூட அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை நானும் எடுக்கவில்லை. பேரை விட்டுவிடச் சார் சொல்லியிருப்பார், அவள் என்ன செய்வாள். எண்ணை மாற்றிப் போட்டது கவனக்குறைவு, பென்சில் கோடு மங்கியிருக்கும், பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னது அந்த இரைச்சலில் அவள் மனதில் ஏறியிருக்காது. ஏறியிருக்காது, ஏறியிருக்காது. இதைத்தான் நான் தினமும் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடம், இருநூற்று நான்கு, ஓரம் மெலிந்து கண்ணாடி போலாகிவிட்டது, ஒற்றும்போது பேப்பரோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. வந்ததையும் சேர்த்து எழுத வேண்டும்.

கதவு திறந்தது, ஹெப்சி. செருப்பை வெளியே விட்டுவிட்டு வருகிற பழக்கம் அவளுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. "ஏட்டி, இன்னும் சாப்பிடலையா நீ?" என்றாள். முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றேன். "ஒரு நல்ல சேதி கொண்டாந்திருக்கேன், கையத் தொடச்சிட்டு வா" என்று கிளிப் போட்ட தாள்களை மேசையில் வைத்தாள். நான் துடைத்தேன். "கட்டுரையில பேரு சேக்குத ஃபாரம். சார் நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாவ, நானும் போட்டுட்டேன். ஒன் கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. ரெண்டாவது பேரு ஒனக்கு." வெட்கமில்லாமல் மனது துள்ளிவிட்டது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, துள்ளத்தான் செய்தது. உலகம்மாள், ஹெப்சிபாவுக்கு அடுத்து, சாருக்கு முன்னால், தட்டச்சில் அடித்திருந்தது. அம்மாவிடம் சொல்லலாம், தீசிஸ் வாய்மொழித் தேர்வில் காட்டலாம், இந்த ஏழு மாதமும் நடக்காத மாதிரி ஆகிவிடும், நானும் அவளும் பழைய மாதிரி, எல்லாம் ஒரு நொடிக்குள் ஓடி முடிந்துவிட்டது. அப்புறம்தான் கீழே இருந்த கட்டத்தைப் படித்தேன், யார் யார் என்ன செய்தார்கள் என்கிற கட்டம். ஹெப்சிபா, கருத்தும் எழுத்தும். சபாபதி, வழிகாட்டுதல். உலகம்மாள், படலம் தயாரித்தது, எல்லா அளவீடுகளும், எண்களுக்கு முழுப் பொறுப்பு. முழு என்று ஒரு சொல் எதற்கு அங்கே. "இப்ப ஏம்ட்டி?" என்று கேட்டேன். "இப்பமாச்சும் தோணிச்சேன்னு சந்தோசப்படேன்" என்று சிரித்துக்கொண்டே தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. "இது என்ன, இப்பமே ஓரமெல்லாம் பிஞ்சிட்டு?"

"ரெண்டு நிமிஷந்தான முக்குனேன். பேப்பர்ல அப்படித்தான போட்டிருக்கு."

"ஒனக்கென்ன கோட்டியாட்டி? ரெண்டு நிமிஷம் முக்குனா எப்படி நிக்கும்? அன்னைக்கு மாதிரி பத்து நிமிஷம் போட வேண்டியதுதான?"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கும் தெரிந்துவிட்டது. அன்னைக்கு மாதிரி. பத்து நிமிஷம். பென்சில் கோடு மங்கவில்லை, பஸ் ஸ்டாண்டு இரைச்சல் ஒன்றும் செய்யவில்லை, ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறாள். தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டிய அந்த நிமிடத்திலேயே மனதுக்குள் குறித்துக்கொண்டாளா, இல்லை ஒரு வாரம் யோசித்து, இது அழகாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டாளா, அதை மட்டும் கேட்க வேண்டும் போலிருந்தது, ஆனால் வேறு எதையோ கேட்டேன், "சாருக்கும் தெரியுமா?" என்று. அவள் தராசைப் பார்த்துக்கொண்டு, "சாருக்கு எல்லாம் தெரியும்" என்றாள். பிறகு குரலைத் தணித்து, நாங்கள் ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு பேசுவோமே அந்தக் குரலில், "ஒன் தீசிஸ் வேற அவியள்ட்ட கெடக்கு. வம்பு பண்ணாத, உலகு. பழைய நம்பரயே கொஞ்சம் கூடக் கொறைய எழுதிக் குடுத்துரு, கையெழுத்தப் போட்டுரு. நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, கசந்துபோயிற்று. பேர் போனபோதுகூட இப்படி இல்லை. பேரை எடுத்தது ஒரு ஆசை, யாருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கலாம். இப்போது அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் தாங்கவில்லை, பழியை ஏற்க முன்னால் நிறுத்த ஒரு ஆள் தேவைப்படுகிறபோது என் ஞாபகம் வந்திருக்கிறது. "மூணரைக்குள்ள தா, நான் பிள்ளையக் கூப்பிடப் போணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இருபதாம் நிமிடம், இருபத்தைந்தாம் நிமிடம் இரண்டு எடையையும் எடுக்க மறந்துவிட்டேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

யாருக்கு முன்னால் நிறுத்துவதற்கு ஆள்? ஃபாரத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன், அதற்குப் பின்னால் அதே கிளிப்பில் இன்னொரு தாள். சாரின் மேசையிலிருந்து கட்டோடு அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள், இது உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை. ஒரு கடிதம், சேலம் பக்கம் ஒரு பல் மருத்துவமனையிலிருந்து, டாக்டர் வைதேகி என்று. உங்கள் கட்டுரையில் சொன்னபடியே நாங்களும் செய்துபார்த்தோம், இரண்டு நிமிடம்தான் முக்கினோம், அறுபத்தொரு வயது அம்மா ஒருவருக்குச் சாப்பிடும் முன் ஒட்டினோம், இருபது நிமிடத்தில் மொத்தமும் கரைந்து மருந்து ஒரேயடியாக இறங்கிவிட்டது, தொண்டை வரை மரத்துப்போய்ச் சோறு மூச்சுக்குழாயில் போய்விட்டது, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினோம், இப்போது நலம். எங்கள் செய்முறையில் எங்கே தவறு என்று தயவுசெய்து சொல்ல வேண்டும். சரிசெய்துகொண்டு வரும் திங்கள்கிழமை இன்னும் பதினோரு பேருக்கு ஆரம்பிக்க இருக்கிறோம். கீழே கைபேசி எண். மேலே தேதி, நாலு நாளைக்கு முந்தியது. எங்கள் செய்முறையில் எங்கே தவறு. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேனே, ஒருத்தி படித்திருக்கிறாள், வரி வரியாக நம்பிப் படித்து அப்படியே செய்திருக்கிறாள். அந்த அம்மாவின் தொண்டையில் சோறு நின்றபோது நான் இங்கே என் பேரை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தேன். ஹெப்சி என்னை ஏமாற்றியது ஒரு பக்கம் இருக்கட்டும், அட்டவணையைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும், ஏழு மாதம் தெரியும். திங்கள்கிழமைக்கு நடுவே ஒரு ஞாயிறுதான் இருக்கிறது. சொன்னால் தீசிஸ் அந்த மேசையிலேயே கிடக்கும், சார் கையெழுத்துப் போடமாட்டார், ஆறு வருஷம் போச்சு, அம்மாவிடம் என்ன சொல்வேன், இன்னும் முடியலையாம்மா என்று எத்தனை பேர் கேட்பார்கள், வேறு யார் எனக்கு வழிகாட்டியாக இருக்கச் சம்மதிப்பார்கள், இந்த ஊரில் எல்லாரும் சபாபதி சாரின் சிநேகிதர்கள்தான். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை, ஒரு கையெழுத்து, கூடக் குறைய நாலு எண். மூன்றாவது படலத்தைத் தூக்கினேன், வலை மட்டும் வந்தது. படலம் வலையின் கண்களுக்குள் வழிந்து தொட்டியில் விழுந்து கரைந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு நிமிடம். நோட்டில் பேனாவால் எழுதினேன், எடை எடுக்க முடியவில்லை, சிதைந்துவிட்டது. நேரம், தேதி, கையெழுத்து. ஃபாரத்தில் போடவில்லை.

கைபேசியை எடுத்து அந்த எண்ணைப் போட்டேன். எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் மணி அடிக்கிறவரை நினைத்தேன், எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க, யாரு பேசறது?"

"டாக்டர், வாயில ஒட்டுற ஃபிலிம் பத்தி நீங்க எழுதின லெட்டர இப்பதான் பாத்தேன். திங்கக்கெழம யாருக்கும் ஒட்டிராதீங்க."

"ஹெப்சிபா மேடமுங்களா?"

"இல்ல. அதுல என் பேரு கெடையாது. ஃபிலிம் செஞ்சது நான். அதுல போட்டிருக்க நம்பரு ரெண்டு நிமிஷத்துக்கு உள்ளது இல்ல டாக்டர், பத்து நிமிஷத்துக்கு உள்ளது. நான் கவனிக்காம விட்ட பேட்ச். பத்து நிமிஷம் போட்டா மருந்தும் நிக்காது, அதனால அப்படியும் செய்யாதீங்க. ஒங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. பேப்பரு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும், சொல்லாம இருந்துட்டேன்."

திட்டட்டும் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. "ஒம்பது நாளா எங்க நர்ஸத்தாங்க திட்டிட்டிருக்கேன்" என்றார் கடைசியில். "ரெண்டு நிமிசம்தான் வெச்சேன், ரெண்டு நிமிசம்தான் வெச்சேன்னு அந்தப் புள்ள அழுதுட்டே இருக்குது. நான் நம்பல." அவள் சரியாகத்தான் வைத்தாள் என்று சொல்லுங்கள் என்றேன், சொல்ல வந்ததில் பாதிதான் வெளியே வந்தது. கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, ஹெப்சியாக இருக்கலாம், திரும்பிப் பார்க்கவில்லை.

"இத எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார் டாக்டர். "நாளைக்கு யாராச்சும் கேட்டா காட்டோணும்."

"தருதேன்."

"இருங்க, பேனா எடுத்துக்கறேன். உங்க பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்றார், இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.